மறைநிறம் பூசிய மாதிரி விமானம் மறைந்துபோதல்: திமிரி வட்டாரச் சிற்றாய்வு

போர் விமானத்துக்கு வண்ணம் பூசுவது, அது யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு. ரிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானமோ, ஓட்டுகிறவன் கண்ணைவிட்டு ஒரு கணமும் அகலக் கூடாது. இவ்விரண்டையும் தனித்தனியே அறியாதவர் இல்லை. இரண்டையும் ஒரே விமானத்தின்மேல் ஏற்றி, அதைத் திமிரியில் மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் கழனிகளுக்கு மேலே பறக்கவிட்டால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். மரபு கருதி, முடிபை நூற்பாவாக முதலில் வைத்து உரையைப் பின்னர்த் தருகிறோம். நூற்பாவும் நம்முடையது, உரையும் நம்முடையது. ஆகையால் உரையாசிரியர் நூலாசிரியரை எங்கும் மறுக்கவில்லை.

மறையப் பூசிய வண்ணம் மறைக்கும்;
மறைந்தபின் தேடுதல் உடையவன் கடனே.

இதன் பொருள்: விமானத்தை மறைப்பதற்கென்று வகுத்த நிறத்தைப் பிழையின்றிப் பூசினால், விமானமும் பிழையின்றி மறையும், மறைந்ததை வரப்பு வரப்பாகத் தேடும் பொறுப்பு பூசியவனையே சாரும் என்பது. ‘கடனே’ என்னும் ஏகாரம், உடன் வந்த நண்பர்கள் அந்நேரம் டீக்கடைக்குப் போய்விடுவார்கள் என்பதைக் குறிப்பால் உணர்த்திற்று.

களம்

திமிரி, ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் உள்ள பேரூர். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது வேலூரை விட்டு இராணிப்பேட்டையோடு போயிற்று. போர் விஷயத்தில் இவ்வூருக்கு முன்அனுபவம் உண்டு. 1751இல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ், அங்கிருந்து தப்பிய படை திமிரிக் கோட்டையை ஒட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுத் துரத்தி வந்தார். கோட்டையை உடைக்கும் அளவுக்குப் பெரிய பீரங்கி கையில் இல்லை, திரும்பிப் போனார். பிறகு ஆற்காட்டுக்குள் ஐம்பது நாள் முற்றுகையில் தாமே அகப்பட்டு, அது விலகியதும் மறுபடி வந்துதான் திமிரியைப் பிடித்தார். ஒருவர் தேடி வந்து வெறுங்கையோடு திரும்புவதும், சில வாரம் கழித்துப் பெரிய ஆயத்தங்களோடு மீண்டும் தேடி வருவதும் இம்மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காக இதைக் குறிக்கிறோம்.

வேலூரைப் பற்றி ஊரார் சொல்லும் பழைய வசை ஒன்று உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போகும். சாமிக் குறை 1981இல் தீர்ந்தது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் வந்து அமர்ந்துவிட்டார். வசையில் காலியான அந்த இடத்தில் ‘விமானமில்லாத விமான நிலையம்’ என்பதைச் சேர்க்கலாம். அப்துல்லாபுரத்தில் 1930களில் போட்ட ஓடுதளத்தைப் பயணிகள் விமானத்துக்காகப் புதுப்பிக்கும் பேச்சும் பணியும் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அரக்கோணத்தில் நிலைமை நேர்மாறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் இருந்த இடத்தில் 1992 மார்ச்சில் தொடங்கிய கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில், நான்கு கிலோமீட்டரைத் தாண்டும் ஓடுதளம் இருக்கிறது. அங்கே விமானத்துக்குக் குறைவில்லை. உள்ளே போய்ப் பார்க்கத்தான் வழியில்லை. ஒருபுறம் நிலையம் உண்டு, விமானம் இல்லை. மறுபுறம் விமானம் உண்டு, அனுமதி இல்லை. இரண்டுக்கும் இடையில் வாழ்கிறவன் சொந்தமாக ஒன்று கட்டிக்கொள்வதைத் தவிர வேறு என்ன செய்வான்? அதில் விமானி இருக்க மாட்டார். மேற்படி வசைப்பட்டியல் இத்துடன் நிறைவு பெறுகிறது.

சட்டம் பற்றி ஒரு வரி. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் எடையைப் பார்க்கின்றன: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பரப்பு வரைபடத்துக்கு நிறம் பூசியிருக்கிறார்கள். விமானத்துக்கு எந்த நிறம் என்று ஒன்றிய அரசு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது.

உரிமை

நாம் மாதிரியாகக் கட்டுவது, இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர். திமிரிக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார் உளர். அவர்களுக்குப் பதில்: பிரிட்டிஷ் விமானப் படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கும் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்பது அதிகாரப்பூர்வமான பெயர். மதராஸ் மாகாணத்தில் திரண்ட போர் நிதிக்குக் கைம்மாறாக வைத்தது. 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. 79 ஹரிக்கேன் ஓட்டியது. 1942இல் இந்தியாவுக்கே வந்து பர்மா போர்முனையில் ஈடுபட்டது. 264க்கு வாய்த்தது டிஃபயன்ட் என்னும் விசித்திரம். விமானிக்கு எதிரே சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது. நான்கு துப்பாக்கிகளும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சுழல் கூண்டில். துணைக்குப் போர் விமானம் இல்லாமல் வரும் குண்டுவீச்சு விமானத்தைப் பக்கவாட்டிலிருந்தோ அடியிலிருந்தோ சுடலாம் என்ற நம்பிக்கையில் கட்டியது. எதிரி அதைப் படித்துவிட்டு முன்னாலிருந்து வந்தான்.

அன்று நன்கொடைக் கணக்குக்காக ஒரு ஸ்பிட்ஃபயருக்கு வைத்த விலை 5,000 பவுண்டு. பவுண்டு பதின்மூன்று ரூபாய்ச் சொச்சத்துக்கு நின்ற காலம் அது. ஆக, அறுபத்தாறாயிரம் ரூபாய்க்கு மேல். மதராஸ் மாகாணம் என்றால் வட ஆற்காடு ஜில்லாவும் சேர்த்தி. வட ஆற்காடு என்றால் திமிரியும் சேர்த்தி. எனவே 234ஆம் ஸ்குவாட்ரனின் ஏதோ ஒரு ஸ்பிட்ஃபயரில் ஒரு திருகாணியாவது திமிரிக்காரர் காசு. இதைத் திருகாணிக் கொள்கை என்று பெயரிடுகிறோம். பெயரிட்டுவிட்டால் ஒரு கருத்து பாதி நிறுவப்பட்டதாகக் கொள்வது ஆய்வுலக வழக்கம்.

அந்த மூன்று ஸ்குவாட்ரன்களுடைய விமானங்களின் உடற்பகுதியில் பெரிதாக எழுதிய எழுத்துகள் முறையே என்.வி., ஏ.இசட்., பி.எஸ். இவை நம் பக்கத்து முன்னெழுத்துகளாகவே இருப்பது தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று. டீக்கடை பெஞ்சில் வைத்திருந்த டிஃபயன்ட் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியவர் ஒருவர், “இன்னாப்பா, நம்ம பி.எஸ். வூட்டுப் பையன் செஞ்சதா?” என்று கேட்டார். திருகாணிக் கொள்கையின் மறுபாதியும் அத்துடன் நிறுவப்பட்டது.

உடல்

ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 1.12 மீட்டர், டி.வி.எஸ். எக்செல்லில் பின்னால் உட்கார்ந்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு போகலாம், எதிரே பேருந்து வராத வரை. எடைதான் வில்லங்கம். நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாக வேண்டும். நிஜ விமானம் சுமார் இரண்டே முக்கால் டன் என்பதால், மாதிரி இரண்டே முக்கால் கிலோ இருக்கலாம் என்று கணக்கு சொல்லும். அத்தனை எடையோடு கையால் வீசினால் வீசியவர் கையோடு போகும். ஃபோம் போர்டில் கட்டினால் மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குள் முடித்துவிடலாம்.

ஃபோம் போர்டு என்பது பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்யும் அட்டை. அறிவியல் கண்காட்சிப் பருவத்தில் ஆற்காட்டு ஸ்டேஷனரிக் கடைகளில் எரிமலைக்காரர்களுக்கும் ஸ்பிட்ஃபயர்காரர்களுக்கும் போட்டி வந்துவிடும். உள்ளே முட்டுக் கொடுக்க மூங்கில் குச்சி. எலிவேட்டரை இழுக்கும் கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக். அதைவிட நேரான, மலிவான கம்பியை எந்த நாடும் இன்னும் செய்யவில்லை. இழுக்கிற வேலைக்கு ஒன்பது கிராம் சர்வோ. மூக்குக் கனம் போதாமல் விமானம் வாலைத் தாழ்த்தினால், மூக்குக்குள் ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்தவேண்டும். சில விமானங்களின் மூக்கில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு இருக்கிறது. விமானியின் இருக்கைக்கு மட்டும் இவ்வட்டாரத்தில் யாரும் சமரசம் செய்வதில்லை. ஆம்பூரில் ஷூ மேல்தோல் வெட்டியபின் கழிகிற துண்டில் அசல் தோலால் இருக்கை தைப்பார்கள். லண்டனில் விலை கொடுத்தாலும் கிடைக்காத இருக்கையில், திருவிழாக் கடைப் பிளாஸ்டிக் பொம்மையின் தலை உட்கார்ந்திருக்கும்.

ஸ்பிட்ஃபயரின் அழகெல்லாம் அதன் நீள்வட்ட இறக்கையில்தான். 1936 மார்ச் 5 அன்று முதலில் பறந்த அந்த இறக்கையைத் தொழிற்சாலைக்காரர்கள் செய்யமுடியாமல் திணறினார்கள் என்பது வரலாறு. அதைப் பேப்பர் கத்தியால் அட்டையில் வெட்டுகிறவனின் சாபத்தை வரலாறு பதியவில்லை.

பசை பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஹாட் க்ளூ சீக்கிரம் ஒட்டும். சித்திரை வெயிலில் அரைமணி நேரம் வைத்தால் அதைவிடச் சீக்கிரம் விடும். இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் மொஸ்கிட்டோ, நாம் மாதிரி விமானத்துக்கு வாங்குகிற அதே ஈக்வடார் பால்சா மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் பிர்ச் பலகை ஒட்டிச் செய்த நிஜப் போர் விமானம். தொடக்கத்தில் அதை ஒட்டியது பாலிலிருந்து எடுத்த கேசின் பசை. 1944 இறுதியில் இந்தியாவில் இருந்த மொஸ்கிட்டோக்கள் சில வானத்திலேயே முறிந்தன. எல்லாவற்றையும் தரையில் நிறுத்திவிட்டு, தப்பு வெப்பத்திலா பசையிலா தொழிற்சாலையிலா என்று விசாரிக்க நிறுவனத்தின் குடும்பத்து ஆளே ஒருவர் தலைமையில் குழு வந்தது. இங்கே இறக்கை கழன்று ஏரிக்குள் விழுந்தால் அத்தகைய குழு வருவதில்லை. ஆனால் அந்த மூன்று காரணங்களையும் மாற்றி மாற்றிச் சொல்லும் நண்பர்கள் கரையிலேயே இருப்பார்கள்.

நிறம்

ஓவியம் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர். வண்ணம் தெளிக்கத் தெரிந்தவர்கள் இவ்வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவர். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் தொழிலில், பதனிட்டு உலர்ந்த தோலின்மேல் பிக்மென்ட், பைண்டர், கடைசியில் லாக்கர் என்று அடுக்கடுக்காகத் தெளிப்பது அன்றாட வேலை. வாங்குகிறவர் அனுப்பிய சிறு துண்டைப் பார்த்து ஷேடு பிடிப்பவரின் கண், எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. அத்தகைய ஒருவரிடம் பிரிட்டிஷ் படையின் ‘டார்க் எர்த்’ நிறத்தைக் காட்டி எடுத்துத் தரச் சொன்னால், ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது ஜென்ட்ஸ் ஷூ கலரு. இதுலயா ஏரோப்ளேன் உடுறானுங்க?” என்பார். கேலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உறவு பழையது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்தோலுக்கு மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் போயிற்று. அதே போரில் விமானத்தின் துணி இறக்கையை விறைப்பாக்கப் பூசிய சரக்கில் ஒன்று நைட்ரோசெல்லுலோஸ். தோலின் மேல்பூச்சு லாக்கரும் அதே பொருளில்தான்.

ஆனால் இங்கே ஒரு வேதியியல் பள்ளம் காத்திருக்கிறது. லாக்கரைக் கரைக்கும் தின்னர், தெர்மோகோலையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஃபோம் போர்டின் தாள் மூடாத விளிம்புக்கும் அதே கதி. தொழிற்சாலைத் துப்பாக்கியால் அழகாகத் தெளித்து, காயட்டும் என்று வைத்துவிட்டுத் திரும்பினால், பலகையில் நிறம் மட்டும் கிடக்கும், விமானம் இருக்காது. இக்கட்டுரையின் நூற்பா மிகக் குறுகிய காலத்தில் மெய்ப்படும் முறை இதுவே. அறிந்தவர்கள் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்கோடு நின்றுகொள்கிறார்கள்.

மேல்பக்க நிறங்கள் இரண்டு: மண்ணிறம், கரும்பச்சை. சண்டை வருவது அடிப்பக்கத்தில். 1940 கோடையில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிவயிற்றுக்கு ‘ஸ்கை’ என்ற நிறம் வந்தது. பெயர் வானம், பார்த்தால் வாத்துமுட்டைப் பச்சை. இந்த நிறத்தின் பிறப்பில் நமக்கும் பங்கு உண்டு. உளவுப் படம் எடுக்கும் பிரிவைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் சிட்னி காட்டன், ஜோத்பூர் மகாராஜாவின் சொந்த விமானம் வெளிர்ப்பச்சைப் பூச்சோடு எழும்பி வானத்தில் கரைந்ததைப் பார்த்துத்தான் அதேபோல் ஒரு பச்சையைக் கலக்கினார் என்று அவர் கதையில் வருகிறது. மகாராஜா மறைய விரும்பிப் பூசியிருக்க முடியாது. மகாராஜாக்கள் மறைய விரும்புவதில்லை.

‘ஸ்கை’ எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்று உலகெங்கும் மாதிரி விமானக்காரர்கள் எண்பது ஆண்டுகளாக அடித்துக்கொள்கிறார்கள். வாத்துமுட்டைதான் அளவுகோல் என்றால், முட்டையையே கேட்டுவிடலாமே என்பது நம் அணுகுமுறை. ஆற்காடு, ஆரணிப் பக்கம் நெல்லறுப்பு முடிந்ததும் கழனியில் வாத்து மேய்ப்பார்கள், நூற்றுக்கணக்கில் இறங்கும். மேய்ப்பவரிடம் முட்டை வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்ததில் ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பேறிய வெள்ளை, ஒன்று கொஞ்சம் பச்சை, இன்னொன்றில் சேறு. எதை வைத்து விமானம் பூசுவது என்று அவரிடமே கேட்டோம். “வாத்தையே பூசிடு தம்பி, அது நல்லாப் பறக்காது, தொலையாது” என்றார். ஆய்வுக்குத் தொடர்பில்லாத விடையாயினும், தொலையாமை என்ற கருத்தை முதலில் எழுப்பியவர் என்ற வகையில் பதிவு செய்கிறோம்.

தூசு

மேல்நாட்டில் மாதிரி விமானம் புதிதாகத் தெரிந்தால் குறை என்பார்கள். போரில் அடிபட்டதாகத் தோன்றுவதற்குச் சிறு டப்பாவில் தூசு விற்கிறது; காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறார்கள். ஆற்காடு–ஆரணிச் சாலைக்காரருக்கு இதைப் புரியவைக்க நாம் எடுத்த முயற்சி தோற்றது.

மறைவு

இனி, நூற்பாவின் இதயம். மண்ணிறமும் கரும்பச்சையும் அலையலையாக மாறி வரும் வகையைப் பிரிட்டிஷ் விமான அமைச்சகம் இங்கிலாந்தின் வயல்களை நினைத்து வகுத்தது. மேலேயிருந்து பார்க்கும் எதிரிக்கு, தரையில் நிற்கும் விமானம் வயலாகவே தோன்றவேண்டும். அவர்கள் திமிரியைப் பார்த்திருக்க நியாயமில்லை. ஆனால் களையெடுத்து மண் அணைத்த மல்லாட்டைக் கழனியில் இலை கரும்பச்சை, இடையில் தெரியும் மண் டார்க் எர்த். கென்ட் மாவட்டத்தில்கூட அந்த வண்ணம் இத்தனை கச்சிதமாகப் பொருந்தியிருக்குமா என்பது ஐயமே.

வானத்திலும் இதே கூத்துதான். மாதிரி விமானம் இருநூறு மீட்டர் தள்ளிப் போனால் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு வருகிறதா போகிறதா, மேல்புறம் தெரிகிறதா அடிப்புறமா என்பதைத்தான் ஓட்டுகிறவன் ஓயாமல் ஊகிக்கவேண்டும். வயிற்றில் வானத்தின் நிறம், முதுகில் நிலத்தின் நிறம் என்றால் ஊகிக்க எதுவும் மிஞ்சாது. வலப்புறம் திருப்பினால் இடப்புறம் போகும். அது நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது என்று அப்போது தெரியும். உடனே பதறி மறுபக்கம் தள்ளுவோம். பனைமரம் ஒன்று எப்போதும் அங்கே நிற்கும்.

விழுந்த இடம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கழனிக்குள் இறங்குவது எல்லோருக்கும் வழக்கம். நடந்த உரையாடல் ஒன்று:

“இன்னா தம்பி தேடுற?”

“ஏரோப்ளேன்ணா. இந்தப் பக்கந்தான் விழுந்துச்சு.”

“இன்னா கலரு?”

“பச்சையும் மண்ணு கலரும்ணா.”

அவர் தம் ஒன்றரை ஏக்கரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

“கயினியே அந்தக் கலருதானப்பா.”

இதற்கு மேல் சுருக்கமாக நம் நூற்பாவுக்கு உரை எழுத இயலாது.

தேடும் முறைகள் பலவகைப்படும். டிரான்ஸ்மிட்டரின் குச்சியை ஆட்டி, சர்வோ முனகுகிறதா என்று காதுகொடுத்துக் கேட்பது ஒன்று. மோட்டாரை இயக்கும் ஈ.எஸ்.சி. சும்மா விட்டால் விட்டுவிட்டுக் கூவும்; அதைக் கேட்டுப் போவது ஒன்று. மாலையானால் சில்வண்டுகளும் ஏறக்குறைய அதே சுருதியில் தொடங்குவதால், ஐந்தரை மணிக்குமேல் இம்முறை பயன்தருவதில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது. ஒருவேளை ஆடு முந்திக்கொண்டால் ஃபோம் போர்டின் மேல்தாள் போயிருக்கும். மறைநிறம் ஆட்டுக்குள் மறைந்திருக்கும்.

தடையும் விடையும்

‘பளிச்சென்று ஆரஞ்சு நிறம் பூசிவிட்டுப் போனால் என்ன?’ எனின், போகலாம். பிறகு அதை ஸ்பிட்ஃபயர் என்று சொல்லக் கூடாது. அதன் பெயர் பொம்மை.

‘சத்தம் போடும் எஞ்சின் வைத்தால் இருக்கும் திசையாவது தெரியுமே?’ எனின், பழைய க்ளோ எஞ்சின்கள் அப்படித்தான் இருந்தன. மெத்தனாலில் நைட்ரோமீத்தேனும் மசகுக்கு விளக்கெண்ணெயும் கலந்து குடிக்கும், ஊரையே எழுப்பும். விளக்கெண்ணெய் அவற்றுக்குப் பரம்பரைச் சொத்து. முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின்கள் பெட்ரோலில் கரையாத மசகு என்பதால் விளக்கெண்ணெயைத்தான் கேட்டன. எரியாத எண்ணெய் பின்னால் தெறித்து விமானியின் மூக்கிலும் வாயிலும் போயிற்று. அதன் விளைவை நம் பாட்டிமாரிடம் வளர்ந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1917இல் அத்தகைய எஞ்சின் வைத்த சாப்வித் கேமலை ஓட்டிய ஹர்தித் சிங் மாலிக், அதை ஓட்டிய முதல் இந்தியர்களில் ஒருவர்; அந்தத் துணிச்சலின் முழு அளவை வரலாற்றாசிரியர்கள் இன்னும் உணரவில்லை. இன்று எல்லாம் பேட்டரி. சத்தமும் இல்லை, வயிற்றுக்கும் தொந்தரவில்லை, விழுந்தால் திசையும் இல்லை.

‘அந்நியன் விமானம் எதற்கு? நம்முடைய நாட் இல்லையா, மாருத் இல்லையா?’ எனின், தேசபக்தி மிக்க தடை. ஆனால் இரண்டும் ஜெட். மாதிரியில் அதற்கு உடலுக்குள் விசிறி வைக்கவேண்டும், விலை ஏறும், கையால் வீசினால் சோம்பலாகப் புறப்பட்டு நேரே தரைக்கு வரும். இன்னொன்றும் உண்டு: 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் முதலில் பறந்த மாருத்தை வடிவமைத்தவர் கூர்ட் டாங்க், போரில் ஸ்பிட்ஃபயர்களைத் திணறடித்த ஜெர்மானிய ஃபோக்கவுல்ஃப் 190க்கும் அவரே தந்தை. அந்நியன், நம்மவன் என்ற கோடு விமான விஷயத்தில் எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கு அது போதும்.

‘இது பணக்காரர் விளையாட்டல்லவா, அஜித் குமார் போன்றவர்கள் செய்வதல்லவா?’ எனின், அவர் மாதிரி விமானம் ஓட்டுவதில் நாட்டம் உள்ளவர்தான். 2018இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா டிரோன் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஆயினும் என்.சி.சி. விமானப் பிரிவுப் பிள்ளைகள் இதைப் பல காலமாகச் செய்துவருகிறார்கள். அவர்களிடம் இருப்பது பணமன்று, உயர் அதிகாரி பார்க்கிறார் என்ற பயம். விமானம் நேராகப் பறக்க அது பணத்தைவிட உதவும்.

தீர்வு

மறைநிறம் பூசினால் தன் ஆட்களுக்கும் தெரியாது என்ற சங்கடம் திமிரியில் தோன்றியதன்று. போர்க்காலத்தில் விமானப் படைகளே இதில் மாட்டிக்கொண்டன. அவற்றின் தீர்வு வேடிக்கையானது: முதலில் மறைவதற்காக முழுக்கப் பூசு, பிறகு தெரிவதற்காக அதன்மேல் பட்டை போடு. 1944 ஜூனில் நார்மண்டிக்குப் போன விமானங்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். 1945இல் பர்மா முனையில் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகள். ஆகவே திமிரிக்காரன் 1940ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயரை விட்டுவிட்டு, 1945இல் நம் இந்திய விமானப் படை ஓட்டிய எட்டாம் வகை ஸ்பிட்ஃபயரைக் கட்டினால் வரலாறும் கெடாது, விமானமும் தொலையாது. இதுவே நம் முடிபு. வெள்ளைப் பட்டை தெரிகிறதென்று ஓடிப்போய்ப் பார்த்தால் கொக்காக இருப்பதுண்டு. கொக்கு பறந்துவிடும், விமானம் பறக்காது, இவ்வேறுபாட்டால் அறிந்துகொள்க.

அந்த 1945 விமானத்தில் இன்னொரு செய்தி. பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும். ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பித் தன் ஆளையே சுட்டுவிடுவார்கள் என்று, இந்தப் பக்கத்துப் போர்முனையில் அந்தப் பொட்டை அழித்துவிட்டார்கள்; கருநீலத்துக்குள் வெளிர்நீலம் மட்டும் மிஞ்சியது. வரலாற்றுப் பிசகில்லாமல் அப்படியே பூசி வைத்திருந்த விமானத்துக்கு, ஆயுத பூஜையன்று வீட்டுப் பெண்கள் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். மூக்குக்கு ஒன்று, இறக்கை வட்டத்துக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. கீழே வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. ஒரு கிலோ விமானத்தால் அது ஆகாது. ஆனால் பிரிட்டிஷ் விமானப் படை ஆணையிட்டு அழித்த சிவப்பு, திமிரியில் ஒரு சரஸ்வதி பூஜையில் திரும்ப வந்தது. அழிக்கச் சொல்லும் துணிவு அந்தப் படைக்கு இருந்தது, நமக்கு இல்லை.

எஞ்சியது கழனிக்காரர் வைத்த கோரிக்கை. பட்டை, பொட்டு எல்லாம் இருக்கட்டும், விழுந்ததை எடுத்து வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? “எறக்கைல போன் நம்பர் எய்துப்பா” என்றார் அவர். வரலாற்றுத் தூய்மையைக் கருதி முதலில் மறுத்தோம். பிறகு பார்த்தால், போருக்கு முன்னும் பின்னும் பிரிட்டிஷ் விமானங்களின் இறக்கைக்கு அடியில் தரையிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக எண் எழுதியிருக்கிறார்கள். யார் வீட்டுக் கூரைமேல் யார் தாழப் பறந்தார்கள் என்று புகார் கொடுக்க வசதியாக இருக்கும். ஆகவே தொலைபேசி எண்ணுக்கு முன்னுதாரணம் உண்டு. இடப்பக்க இறக்கையில் ஐந்து இலக்கம், வலப்பக்கத்தில் ஐந்து என்று எழுதி அழகு பார்த்தோம். பனையில் மோதி இறக்கை இரண்டானபோது, ஐந்து இலக்கம் ஒருவரிடமும் ஐந்து இலக்கம் இன்னொரு கழனிக்காரரிடமும் போயிற்று. இப்போது இரண்டு இறக்கையிலும் பத்துப் பத்து எழுதுகிறோம். ரேடியேட்டர் மறைக்கும் இடத்தில் ஒன்பதும் பூஜ்யமும் ஒன்றாகத் தெரிவதால், அதற்கு ஏற்ற எழுத்துருவைத் தேடும் பணி நடந்துகொண்டிருக்கிறது.